ராணி ஜோடியைக் கவிழ்த்த நாள்

ஜனவரி 11

அன்புத் தங்கை ஊசிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்க இந்த நேரத்தில் வாய் வரவில்லை.

உன் அப்பா போன செய்தி, லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. உடை மாற்றும் அறையில் உன் அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே உன் வெள்ளைச் செருப்பு மட்டும் இருந்தது. ஆவி அண்ணனிடம் கேட்டேன். "அவ அப்பா தவறிட்டாரும்மா. இருபத்தாறாம் தேதி. இவ போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சாம்" என்றார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே பளபளவென்று இருந்த நீராவி இயந்திரத்தின் கதவை மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் பயணம் என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்த இரண்டு நாளும் நீ எப்படி உட்கார்ந்து போனாயோ, நினைக்கவே மனசு பதறுகிறது. அம்மாவைத் தனியாக விடாதே. அவர் சாப்பிட்டாரா என்று கேட்காதே, தட்டில் போட்டுக் கையில் கொடு. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

மேற்பார்வையாளர் அம்மாவிடம் பேசினேன். இந்த மாதத்தோடு உனக்கு ஒரு வருஷம் முடிவதால் ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு தரலாமாம். விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லாம் பழையபடிதான். உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் இடுக்கிகளை எண்ணும்போது பேச்சுக் கொடுத்தால் போச்சு, முதலிலிருந்து எண்ண வேண்டும். நேற்று கிருமி நீக்க வேண்டிய ஒரு கருவித் தட்டை நீலத் துணியில் கட்டி, நாடா ஒட்டி, இயந்திரத்துக்குள் வைத்த பிறகு, வெளியே ஒரு கத்தரிக்கோல் மிச்சம் கிடந்தது. ஸ்டோர் தம்பி, "ஆபரேஷன் தியேட்டர்ல பல்லால கடிச்சுக்குவாங்க, விடுங்க" என்று சொல்லித் திட்டு வாங்கினான்.

என் லீவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நடப்பதெல்லாம் நம் கையிலா இருக்கிறது? உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா


மே 4

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன், ஏதாவது ஒரு வேலை வந்துவிட்டது.

அம்மா சீட்டு ஆடுகிறார் என்று படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. நல்ல ராணி வந்தால் மறைக்கத் தெரியாமல் சிரித்துவிடுகிறார், சித்தி உடனே சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். சிரிக்கட்டும். தோற்றாலும் பரவாயில்லை, நாலு மாதம் கழித்து வந்த சிரிப்பு.

ஆட்டம் சொல்லிக்கொடுத்தபோது நான் எழுதிக் கொடுத்த காகிதம் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது, சித்திக்கும் புரியும்படி மறுபடி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு. முதலில் மூன்று திறக்கும், பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருடைய ஐந்து உசத்தியோ அவருக்கு ஜெயம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு, காசுக்குப் பதில் மருந்துக் குப்பி மூடி. முதல் இரண்டு சுற்றில் ஒரு மூடி, கடைசி இரண்டு சுற்றில் இரண்டு மூடி. ஏற்றினாலும் அதே அளவுதான் ஏற்றலாம். அதனால்தான் இதை மரியாதையான ஆட்டம் என்பேன். இருப்பதை எல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளி யாரும் யாரையும் மிரட்ட முடியாது. மூடி இல்லாவிட்டால் சித்தி சட்டைப் பொத்தான் வைத்து ஆடட்டும்.

புதிதாக ஆடுகிறவர் செய்கிற பெரிய தப்பு, வந்த கையை எல்லாம் ஆடுவது. ஒரு மூடிதானே, பார்த்துவிடுவோம் என்று தோன்றும். அப்படி ஒவ்வொரு மூடியாகப் போயே ஆள் மொட்டையாகிவிடுவார். பத்துக் கை வந்தால் இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆடு. மற்றதைக் கூச்சப்படாமல் கவிழ்த்து விலகிவிடு. ஆடுவது என்று முடிவு செய்துவிட்டால் தயங்கித் தயங்கி அடுத்தவர் வைத்ததற்குச் சமம் வைக்காதே, நீயே ஏற்று. அரைகுறைக் கையோடு பின்னால் வருகிறவர்கள் பாதிப்பேர் அதிலேயே கழன்றுகொள்வார்கள். பிறகு, உட்காரும் இடத்தைப் பார். உனக்கு முன்னால் எல்லாரும் பேசி முடித்திருந்தால் சுமாரான கையையும் ஆடலாம், நீதான் முதலில் பேச வேண்டும் என்றால் நல்ல கையை மட்டும் ஆடு. கடைசியாக ஒன்று. நாலாவது சீட்டு திறந்த பிறகு, அதிகம் ஆடாத, அடக்கமான ஆள் ஒருவர் உன் மேல் ஏற்றினால், உன்னிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி என்றால், அது எவ்வளவு அழகான ஜோடியாக இருந்தாலும் கவிழ்த்துவிடு. அவர் சும்மா ஏற்ற மாட்டார்.

இவ்வளவுதான். மீதியெல்லாம் ஆட ஆட வரும்.

நவம்பர் கடைசி ஆட்டத்தில் உங்கள் கையில் என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் இரண்டு ராணி இருந்ததா! நான் நினைக்கவே இல்லை. என்னிடம் ஏஸும் ஒரு ஒன்பதும் இருந்தன. இஸ்பேட் ஒன்பது. நடுவில் ஏற்கெனவே இரண்டு ஒன்பது கிடந்ததே, ஆக மூன்று ஒன்பது, அது எந்த ஜோடியையும் அடிக்கும். நீ கவிழ்த்தது முழுக்கச் சரி. வைத்திருந்தால் இன்னும் நாலு மூடி வீணாகப் போயிருக்கும். அதைப் பற்றி இனி யோசிக்காதே.

ஆவி அண்ணனுக்கு முட்டிவலி. இப்போதெல்லாம் அவர் ஆட்டத்துக்கு உட்காருவதில்லை.

அம்மாவுக்கும் சித்திக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 19

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை அம்மா பக்கத்தில் இருக்கும்போது படிக்காதே. தனியாக உட்கார்ந்து படி.

உன் கடைசிக் கடிதத்தைப் பத்து முறையாவது படித்திருப்பேன். "அக்கா, நாலஞ்சு மாசமா ஒரே கேள்விதான் என்னை அரிச்சிட்டிருந்துச்சு. அன்னைக்குக் கவிழ்க்காம இருந்திருந்தா லீவு எனக்குக் கிடைச்சிருக்குமோ, அப்பாவைப் பாத்திருப்பேனோன்னு. உங்ககிட்ட மூணு ஒன்பது இருந்துச்சுன்னு படிச்சதும் பாரம் எறங்கிடுச்சு. அப்பாவுக்கு விதி அவ்வளவுதான். யார் மேலயும் தப்பு இல்ல. நீங்க புளுகி ஆடுற ஆளு இல்லன்னு எனக்கு எப்பவுமே தெரியும்" என்று எழுதியிருக்கிறாய்.

என்னிடம் ஒன்பது இல்லை.

ஏஸும் ஜாக்கும் இருந்தன. ஒரு ஜோடிகூட இல்லை. நடுவில் கிடந்த ஒன்பது ஜோடி எல்லாருக்கும் பொதுவானது, அதை விட்டால் என் கையில் வெறும் காற்று. உன் இரண்டு ராணி அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கும்.

போன கடிதத்தில் 'இஸ்பேட் ஒன்பது' என்று எழுதினேன் பார், இல்லாத சீட்டுக்கு ஜாதிகூடச் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்கிறவருக்குத்தான் அவ்வளவு விவரம் தேவைப்படுகிறது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான். துண்டு துண்டாகச் சொன்னால் எனக்குச் சாதகமான துண்டை மட்டும் பொறுக்கிவிடுவேன்.

நம் பிரிவுக்கு வருஷக் கடைசியில் ஒரே ஒரு நீண்ட லீவு. பத்து நாள், ஒரு ஆளுக்கு. யார் எடுப்பது என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று மேற்பார்வையாளர் அம்மா விட்டுவிட்டார். பேசினால் சண்டை வருகிறது என்று ஆட்டத்தில் முடிவு செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான். இயந்திரத்துக்குள் தட்டுகளை வைத்து மூடினால் முக்கால் மணி நேரம் நமக்கு வேலை இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் ஆட்டம். மற்ற மாதங்களில் சும்மா பொழுதுபோக்கு, நவம்பரில் மட்டும் கணக்கு, மாதக் கடைசியில் யாரிடம் மூடி அதிகமோ அவருக்கு லீவு. எட்டு வருஷத்தில் ஆறு முறை நான் எடுத்திருக்கிறேன். நீ வந்தாய். சொல்லிக்கொடுங்கள் அக்கா என்றாய். சொல்லிக்கொடுத்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிள்ளை நீ. மாதக் கடைசியில் என்னைவிட ஐந்தாறு மூடி முன்னால் இருந்தாய். ஸ்டோர் தம்பி, "டீச்சரையே மிஞ்சிடுச்சு இந்த ஊசி. இனிமே டீச்சர் இதுகிட்ட டியூஷன் போகணும்" என்று சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

அதற்கு நாலு நாள் முன்னால் உடை மாற்றும் அறையில் நீ போனில் பேசியது எனக்குக் கேட்டது. நான் கேட்டதை நீயும் பார்த்துவிட்டாய். அப்பாவுக்கு இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், 'ஊசி எப்ப வருவா' என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் சொன்னாய். ஒரு வருஷம் முடியாதவர்களுக்குத் தனி லீவு கிடையாது என்பதால் இந்தப் பத்து நாளைத்தான் நம்பியிருப்பதாகச் சொன்னாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. பாவம் பாத்து விட்டுக்குடுத்தாங்கன்னு இருக்க வேணாம். ஆடியே எடுத்துக்கறேன்" என்றாய். நம் பிரிவில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். இதை மறந்துவிட்டு இந்தக் கடிதத்தைப் படிக்காதே.

கடைசி நாள், கடைசிக் கை. நீ முதல் சுற்றிலேயே இரண்டாக ஏற்றினாய். நானும் ஸ்டோர் தம்பியும் சமம் வைத்தோம், ஆவி அண்ணன், கைக்கு ஒருவர் முதலில் கட்டாயம் வைக்க வேண்டிய அந்த ஒரு மூடியோடு கவிழ்த்துவிட்டார். நடுவில் ஒன்பது, ஆறு, இரண்டு திறந்தது. நீ ஒன்று வைத்தாய். தம்பி போய்விட்டான். நான் வெறும் கையோடு சமம் வைத்தேன். நாலாவது சீட்டும் ஒன்பது. நீ இரண்டு வைத்தாய். உன்னிடம் பெரிய ஜோடி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ எப்போது ஏற்றுவாய், எப்போது கவிழ்ப்பாய் என்பதெல்லாம் என் கையெழுத்தில் உன் பையில் இருந்ததே. உன் சீட்டை நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாலு மூடியை எடுத்து வைத்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்கினேன். அதுதான் இப்போதும் என்னைக் கொல்கிறது.

நீ ரொம்ப நேரம் யோசித்தாய். இன்னொரு கைக்கு நேரம் இருக்கிறதா என்று இயந்திரத்தின் முள்ளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு கவிழ்த்துவிட்டு, "நல்ல வேளைக்கா, ரெண்டு மூடி மிச்சம். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்" என்று சிரித்தாய். அடுத்த கை போடுவதற்குள் இயந்திரத்தின் மணி அடித்தது, ஆட்டம் முடிந்தது. நீ எழுந்து போனாய். உடை மாற்றும் அறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், உன்னைவிட ஏழெட்டு அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தில் ஒரு பாடத்தை விட்டுவிட்டேன். தெரிந்தே விட்டேன். போன மாதம் நீ கேட்டபோதும் விட்டுத்தான் அனுப்பினேன். அது இதுதான்: இந்த ஆட்டத்தில் பந்தய அளவு ஏறாது. ஆனால் நடுவில் மூடி சேர்ந்துகொண்டே போகும். அதனால் நல்ல கையை வைத்துக்கொண்டு, குவியல் பெரிதான பிறகு, ஒரு ஏற்றலுக்குப் பயந்து கவிழ்க்கக் கூடாது. அன்று நடுவில் பதினைந்து மூடி கிடந்தன. கடைசிவரை பார்க்க உனக்கு அதிகபட்சம் நாலு மூடிதான் செலவு. அந்த மாதிரி இடத்தில் நாலு முறை தோற்று ஒரே ஒரு முறை ஜெயித்தாலும் கைக்கு நட்டமில்லை. 'அடக்கமான ஆள் ஏற்றினால் கவிழ்' என்பது பாதிப் பாடம். மீதிப் பாதி இது. புலிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு மரம் ஏற மட்டும் சொல்லித்தராத பூனை கதை உனக்குத் தெரியும். அந்தப் பூனைக்காவது உயிர் பயம் இருந்தது. எனக்கு என்ன பயம்? நீ என்னைக் கடித்துத் தின்றுவிடவா போகிறாய்?

எதற்காகச் செய்தேன் என்று நீ கேட்பாய். எனக்கு லீவு தேவையே இல்லை. பத்து நாளும் வீட்டில் கிடந்தேன். ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்தேன். உன் அப்பா போன இருபத்தாறாம் தேதி அன்று சமையலறை ஜன்னலுக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்திருப்பேன். சொல்லிக்கொடுத்தவள் தோற்கக் கூடாது, நாலு பேர் சிரிக்கக் கூடாது. காரணம் அவ்வளவுதான். இன்னும் பெரிதாக ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் இருந்தது. எந்த நாளிலும் சரிசெய்திருக்கலாம். ஒருநாள் தட்டுக் கட்டும்போது, "லீவை நீயே எடுத்துக்கயேன்" என்று அரை மனதாக முணுமுணுத்தேன். "வேணாம்க்கா. நீங்க நியாயமா ஜெயிச்சது" என்றாய். நியாயமாக என்ற அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, நான் அடுத்த தட்டை எடுத்துக் கட்டினேன். ஏமாற்றியது ஒரு கணத்தில் நடந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வேன்? எல்லாம் முடிந்த பிறகு, நடப்பதெல்லாம் நம் கையிலா இருக்கிறது என்று உனக்கே ஆறுதலும் எழுதினேன்.

நீ நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று எழுதியிருக்கும்போது இதை எழுதி அதைக் கெடுக்கலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். கெடுக்க வேண்டாம், அவள் நல்லதுக்காகத்தான் மறைக்கிறோம் என்று மனசு சொன்னது. அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். லீவு விஷயத்திலும் அதுதான் பேசியது. உன் நிம்மதி என் பொய்யின் மேல் நிற்கிறது. அப்பாவுக்கு விதி அவ்வளவுதான் என்று நீ சொல்லக் கூடாது. விதி பாவம், அதை இழுக்காதே. நீ கவிழ்த்தது உன் தப்பும் இல்லை. நம்பின ஆள் சொன்னதைச் செய்தாய்.

முந்தாநாள் ஆட்டத்துக்கு உட்காரும்போது, எல்லாரையும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மாவையும் வரச்சொல்லியிருந்தேன். ஸ்டோர் தம்பி சிரிக்க வாயைத் திறந்தவன், பாதியில் மூடிக்கொண்டான். மேற்பார்வையாளர் அம்மா, "அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எப்படியாவது அனுப்பியிருப்பேனே" என்று அழுதார். ஆவி அண்ணன் மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். சீட்டைத் தூக்கி ரெண்டாவது தடவை பாத்தே இல்ல, அப்பவே நானும் பாத்தேன். ஆட்டத்துல புளுகுறது தப்பில்லன்னு சும்மா இருந்துட்டேன். அந்தப் புள்ளையோட அப்பா விஷயம் உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா செஞ்சே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. முட்டிவலி என்று உனக்கு எழுதினேனே, அதுவும் பொய்தான். உன் அப்பா போன செய்தி வந்ததிலிருந்தே அவர் என்னோடு ஆடுவதில்லை.

இனி அங்கே ஆட்டம் கிடையாது. லீவுக்கு யாருக்கு என்ன தேவை என்று கேட்டு மேற்பார்வையாளர் அம்மாவே எழுதிவைக்கப் போகிறார்.

உன்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. அதைத் தெரிந்துகொண்டு கேட்பது, உன் கையைத் தெரிந்துகொண்டு ஏற்றியது மாதிரிதான். திட்ட வேண்டும் என்று தோன்றினால் எழுது, எத்தனை பக்கமானாலும் எழுது. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை என்றாலும் எனக்குப் புரியும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஜூலையில் வேலைக்குத் திரும்பப் போவதாகவும், என் மேஜையிலேயே இடம் கேட்டு வைக்கும்படியும் எழுதியிருந்தாய். நான் மதிய ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன், நேற்றே கிடைத்துவிட்டது. நீ காலையில் வந்து மதியம் போகலாம், நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்காது. என் மேல் உள்ள கோபத்தில் இந்த வேலையை விட்டுவிடாதே, தாயே. உனக்கும் அம்மாவுக்கும் இப்போது இதுதான் ஆதரவு. என்னால் நீ இழந்தது ஒன்றே போதும். வா. தலை நிமிர்ந்து வா.

நீயும் அம்மாவும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
அக்கா என்று நீ கூப்பிட்டவள்